யாருடைய மகள் நீ?

புதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது நம் நாட்டில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. பெயர் என்ன? எந்த ஊர்? யாருடைய பிள்ளை? பெரும்பாலோருக்கு இம்மூன்றுக்கும் விடை ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஆனால் தாய் ஓர் உலகத்தையும் தந்தை மற்றோர் உலகத்தையும் சேர்ந்தவர்களாக இருந்து, வளர்ந்த இடம் மூன்றாவதாக அமைந்துவிட்ட பிள்ளைக்கு அந்த விடை அவ்வளவு எளிதாக வருவதில்லை. கேட்பவர் சாதாரணமாகத்தான் கேட்கிறார். கேட்கப்படும் நெஞ்சில் அது முள்ளாகத் தைக்கிறது. குழந்தைப் பருவம் முடிந்து, தான் யார் என்ற எண்ணம் தலைதூக்கும் பதின்ம வயதில் அந்த முள் இன்னும் ஆழமாக இறங்குகிறது.

ஒரு மனிதருக்கு இவ்வுலகில் உரிய இடத்தைத் தீர்மானிப்பது எது? பிறப்பா? வளர்ப்பா? ஊராரின் ஒப்புதலா? அல்லது இம்மூன்றுக்கும் அடியில் வேறொரு நிலம் உண்டா?

இக்கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்ட பழங்கதை ஒன்று நம்மிடம் உண்டு. மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் வரும் சகுந்தலையின் வரலாறே அது. பின்னாளில் மகாகவி காளிதாசர் அதை ஏழு அங்கங்கள் கொண்ட நாடகமாக ஆக்கினார். காதல் கதையாகவே பலரும் அதை அறிந்திருக்கிறார்கள். ஆனால் பாதி மானிடமும் பாதி தேவலோகமுமாகப் பிறந்து, இரண்டாலும் கைவிடப்பட்டு, ஒரு காட்டில் வளர்ந்த இளம்பெண் தன் இடத்தைக் கண்டடைந்த கதையாகவும் அதைப் படிக்கலாம். அப்படிப் படிக்கும்போது இன்றைய இல்லங்களுக்கும் அது பல செய்திகளைச் சொல்கிறது.

பறவைகள் காத்த குழந்தை

விசுவாமித்திரரின் தவத்தைக் கண்டு அஞ்சிய இந்திரன், அதைக் குலைப்பதற்காக மேனகை என்ற அப்சரஸை அனுப்பினான். தவம் கலைந்தது. இமயமலைச் சாரலில், மாலினி நதிக்கரையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தான் வந்த காரியம் முடிந்ததும் மேனகை குழந்தையை அங்கேயே விட்டுவிட்டுத் தேவலோகம் திரும்பினாள். தந்தையின் மடியும் அக்குழந்தைக்குக் கிட்டவில்லை. மனித உலகுக்கு அது தவத்தின் வீழ்ச்சியை நினைவூட்டும் சின்னம். தேவலோகத்துக்கோ முடிந்துபோன ஒரு வேலையின் மிச்சம். இருவருக்கும் பிறந்த குழந்தைக்கு இருவரிடமும் இடமில்லை.

சிங்கமும் புலியும் நடமாடும் அக்காட்டில் பறவைகள் சுற்றிலும் அமர்ந்து குழந்தையைக் காத்தன என்று இதிகாசம் கூறுகிறது. நீராட வந்த கண்வ மகரிஷி அக்காட்சியைக் கண்டார். சகுந்தங்கள், அதாவது பறவைகள், காத்ததால் குழந்தைக்குச் சகுந்தலை என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்தில் மகளாக வளர்த்தார். உத்தராகண்டில் கோட்துவார் நகருக்கு அருகே, மாலினி நதியோரம் உள்ள கண்வாசிரமம்தான் அந்த இடம் என்பது அப்பகுதி மக்களின் மரபு.

பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெயர் என்பது பெரும்பாலும் குலத்தையோ தந்தையையோ சுட்டும். இக்குழந்தையின் பெயர், ஆபத்தில் காத்தவர்களைச் சுட்டுகிறது. யாருக்குப் பிறந்தாள் என்பதற்குப் பதிலாக, யாருடைய கருணையால் பிழைத்தாள் என்பதே அவளுடைய முதல் அடையாளமாயிற்று. உடலைத் தந்தவர், உயிரைக் காத்தவர், அன்னமிட்டு வளர்த்தவர் ஆகிய மூவரையுமே தந்தையர் என்று தர்ம நூல்கள் கருதுவதாகக் கண்வர் அவளைக் குறித்துப் பேசும்போது எடுத்துரைக்கிறார். பிறப்பை அவர் மறுக்கவில்லை; அது ஒன்றே போதும் என்பதை மட்டும் மறுக்கிறார்.

மறைக்கப்படாத உண்மை

மகாபாரதத்தில் துஷ்யந்த மன்னன் ஆசிரமத்துக்கு வரும்போது கண்வர் அங்கில்லை. வரவேற்ற இளம்பெண் தன்னைக் கண்வரின் மகள் என்கிறாள். பிரம்மசரியத்தில் நிலைத்த முனிவருக்கு மகள் எப்படி என்று மன்னன் வியந்து கேட்கிறான். மூன்றாவது கேள்வி இங்கே எழுகிறது: யாருடைய மகள் நீ?

சகுந்தலை தயங்கவில்லை. தன் பிறப்பின் கதை முழுவதையும் தானே சொல்கிறாள். விசுவாமித்திரர் மனம் தளர்ந்ததும், மேனகை வந்த நோக்கமும், குழந்தை கைவிடப்பட்டதும் அதில் உண்டு. அவளுக்கு இது எப்படித் தெரியும்? ஒருமுறை ஆசிரமத்துக்கு வந்த முனிவர் ஒருவர் அவளது பிறப்பைப் பற்றிக் கேட்டபோது கண்வர் மறைக்காமல் உரைத்தார். அதை அவளும் கேட்டிருந்தாள்.

கண்வரின் பெருமை குழந்தையை எடுத்து வளர்த்ததோடு முடியவில்லை. உண்மையை அவள் காதுபடச் சொல்லியும், அவள் தம் மகள் என்ற உறவில் சிறிதும் தளர்வு வராமல் பார்த்துக்கொண்டார். மறைத்து வைத்த உண்மை, அன்பின் அடியில் ஒரு விரிசலாக இருந்துகொண்டே இருக்கும். அது வெளிப்படும் நாளில், இதுவரை கிடைத்த அன்பும் பொய்தானோ என்ற ஐயம் பிள்ளையின் மனத்தில் எழும். உண்மையும் அன்பும் ஒருங்கே கிடைத்த பிள்ளைக்குத் தன் பிறப்பைப் பற்றிப் பேசுவது வெட்கம் தருவதில்லை. மன்னன் முன்னிலையில் சகுந்தலை தடுமாறாமல் பேசியதற்கு வேர் இங்கே இருக்கிறது.

காடு தந்த இடம்

காளிதாசரின் நாடகத்தில் சகுந்தலையை முதன்முதலாகக் காணும்போது அவள் கையில் நீர்க்குடம் இருக்கிறது. தோழியர் அனசூயை, பிரியம்வதை ஆகியோருடன் செடிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருக்கிறாள். தந்தையின் கட்டளைக்காக மட்டும் இதைச் செய்யவில்லை என்றும், மரங்களிடம் தனக்கு உடன்பிறந்த பாசம் உண்டு என்றும் அவள் கூறுகிறாள். மல்லிகைக் கொடி ஒன்றுக்கு அவள் வைத்த செல்லப்பெயர் வனஜ்யோத்ஸ்னை. தர்ப்பைப் புல் குத்தி வாய் புண்ணான மான்குட்டிக்கு எண்ணெய் தடவி ஆற்றியவளும் அவளே. மரங்களுக்கு நீர் வார்க்காமல் தான் நீர் அருந்த மாட்டாள். அலங்காரத்தில் விருப்பம் இருந்தும் அவற்றின் தளிரைக் கிள்ள மாட்டாள்.

இதில் அடங்கியுள்ள உண்மை எளியது; ஆனால் எளிதில் மறக்கப்படுவது. அந்தக் காடு அவளிடம் குலம், கோத்திரம் எதையும் கேட்கவில்லை. அதே சமயம் சும்மாவும் இடம் தரவில்லை. தான் காக்கப்பட்ட இடத்தில் அவள் காப்பவளாக மாறினாள். பறவைகளின் நிழலில் கிடந்த குழந்தை, வளர்ந்தபின் மான்குட்டிக்கு நிழலானாள். பெற்ற கருணையைப் பிற உயிர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கிய அன்றே காடு அவளுக்குச் சொந்த இடமாயிற்று.

நான்காம் அங்கத்தில் அவள் விடைபெறும்போது மரங்கள் பட்டாடையும் அணிகலன்களும் தருவதாகக் காளிதாசர் காட்டுகிறார். அவள் வளர்த்த மான் சேலையைப் பற்றி இழுக்கிறது. பற்றற்ற முனிவரான கண்வரின் கண்களும் கலங்குகின்றன. ஓரிடத்துக்கு ஒருவர் உரியவர் ஆகிவிட்டார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பிறந்த இடமாக மட்டும் இருந்தால் பட்டயத்தில் பெயர் இருக்கும். பேணி வளர்த்த இடத்தில்தான், நீங்கும்போது மரமும் மானும் ஏங்கும்.

எங்கும் இடமில்லாத கணம்

ஆனால் கதை காட்டிலேயே முடிந்துவிடவில்லை. அன்பான சூழலில் வளர்ந்த பிள்ளையும் ஒருநாள் வெளியுலகை எதிர்கொள்ள வேண்டும். அங்கே அந்தப் பழைய கேள்வி காத்திருக்கிறது.

நாடகத்தில் அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. துஷ்யந்தன் நகரம் திரும்பிய பின் அவனையே நினைத்து மெய்மறந்திருந்த சகுந்தலை, வாயிலில் வந்து நின்ற துர்வாசரைக் கவனிக்கவில்லை. உடல் ஆசிரமத்தில் இருந்தது. உள்ளம் அரண்மனையில் இருந்தது. விருந்தோம்பல் என்ற தன் கடமையில் அவள் தவறிய அந்தக் கணத்தில்தான் சாபம் விழுகிறது. இரண்டு உலகங்களைச் சேர்ந்திருப்பது குற்றமன்று. நிற்கும் இடத்தில் மனம் இல்லாமல் போவதுதான் துன்பத்துக்கு வாயில் திறந்தது.

ஐந்தாம் அங்கத்தில் மன்னன் அவளை அறியவில்லை என்கிறான். அடையாளமான மோதிரமும் வழியில் நழுவிவிட்டது. உடன்வந்த ஆசிரமச் சீடர்களைப் பின்தொடர முயல்கிறாள். அவர்களும் கடுமையாகத் தடுத்துவிடுகிறார்கள். புகுந்த வீடு கதவைச் சாத்தியது. பிறந்த வீடும் திரும்ப வராதே என்றது. அப்போது அவள் பூமித்தாயை நோக்கித் தனக்கு இடம் தருமாறு இறைஞ்சுகிறாள். தன் இடம் எது என்று தெரியாமல் தவிக்கும் ஒவ்வோர் இளம் உள்ளமும் ஏதோ ஒரு நாளில் எழுப்பும் ஓலம் இது.

அந்த வேளையில் ஓர் ஒளி இறங்கிவந்து அவளை ஏந்திச் செல்கிறது. அது தாய்வழி உறவு, அப்சரஸ்களின் உலகம். எந்தப் பாதி அவளைப் பிறந்தவுடன் கைவிட்டதோ, அதே பாதி இப்போது தாங்கிக்கொள்கிறது. ஹேமகூட மலையில் மாரீச முனிவரின் ஆசிரமத்தில் அவள் மகனைப் பெற்று வளர்க்கிறாள். வாழ்வின் ஒரு பருவத்தில் வலியாக இருந்த வேர், மற்றொரு பருவத்தில் வலிமையாகலாம் என்பதைக் காளிதாசர் இவ்வாறு உணர்த்துகிறார். ஆகவே எந்த வேரையும் வெறுத்து வெட்டிவிட அவசரப்பட வேண்டியதில்லை.

கடுகும் மேருவும்

மகாபாரதத்தின் சகுந்தலை இன்னும் உறுதியானவள். அங்கே சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. மகனை அழைத்துக்கொண்டு அவள் அவைக்கு வருகிறாள். மன்னனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இருந்தும், தெரியாது என்கிறான்.

அவளது முதல் மறுமொழி அவன் மனசாட்சியை நோக்கியது. தனியே செய்த செயலை யாரும் அறியார் என்று எண்ணுவது பேதைமை. இதயத்துள் உறைபவன் அறிவான். சூரியனும் சந்திரனும் காற்றும் நெருப்பும் பகலும் இரவும் மனிதனின் நடத்தைக்குச் சாட்சிகள் என்கிறாள். இதற்கு விடை சொல்ல இயலாத மன்னன், அவளுடைய பிறப்பின்மீது பாய்கிறான். தாயையும் தந்தையையும் இழித்துப் பேசி, அவர்களுக்குப் பிறந்தவள் சொல்லை எப்படி நம்புவது என்கிறான். வாதத்தில் தோற்பவர்கள் எதிராளியின் பிறப்பைத் தேடிப் போவது அன்றும் இருந்த வழக்கம்தான்.

இனி அவள் பேசுவதில் இரண்டு படிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் படியில் அவளும் பிறப்பையே கையில் எடுக்கிறாள். மேனகை தேவர்களுள் ஒருத்தி. மன்னன் மண்ணில் நடப்பவன், தானோ விண்ணில் உலவ வல்லவள். இருவருக்கும் உள்ள வேற்றுமை கடுகுக்கும் மேருமலைக்கும் உள்ள வேற்றுமை என்கிறாள். காயம்பட்ட உள்ளத்தின் இயல்பான எதிரொலி இது. நீ தாழ்ந்தவள் என்று சொன்னவனிடம், நான் உன்னிலும் உயர்ந்தவள் என்று திருப்பிச் சொல்வது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. பிறப்பால் மனிதரை அளப்பது தவறு என்றால், அந்த அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்தாலும் தவறுதான்.

சகுந்தலையின் பெருமை, அவள் அந்தப் படியில் நின்றுவிடவில்லை என்பதே. அடுத்த படியில் பிறப்பைப் பற்றிய பேச்சையே விட்டுவிடுகிறாள். சத்தியத்துக்கு வருகிறாள். ஆயிரம் அசுவமேத யாகங்களை ஒரு தட்டிலும் சத்தியத்தை மறு தட்டிலும் வைத்தால் சத்தியமே கனக்கும் என்றும், சத்தியமே பரம்பொருள் என்றும் மன்னனுக்கு எடுத்துரைக்கிறாள். பொய்யையே பற்றுவதானால் அத்தகையவனோடு தனக்கு உறவு வேண்டாம் என்றும், அவன் துணை இல்லாமலேயே தன் மகன் இந்தப் பூமியை ஆள்வான் என்றும் கூறித் திரும்பி நடக்கிறாள்.

அவள் திரும்பிய அந்தக் கணமே கதையின் உச்சம். இடம் கேட்டு வந்தவள், தரப்படாத இடத்துக்காகக் கெஞ்சவில்லை. தான் நிற்கும் நிலம் சத்தியம் என்று தெரிந்த பின், அரியணை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவளுக்குக் குறைவில்லை.

நான்கு பேர் என்ன சொல்வார்கள்?

அதன் பின்னரே அசரீரி எழுகிறது. மகனை ஏற்றுப் பேணுமாறு மன்னனை அது பணிக்கிறது. பேணுமாறு பணிக்கப்பட்டதால் சிறுவனுக்குப் பரதன் என்று பெயர் வந்தது. ஒரு மரபின்படி, இந்நாட்டுக்குப் பாரதம் என்ற பெயர் அமைந்தது இவனால்தான். யாருடைய மகள் நீ என்று அவையில் ஏளனம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் மகன் பெயரால் ஒரு தேசம் அழைக்கப்படுகிறது என்பது சிந்திக்கத்தக்கது.

துஷ்யந்தன் அப்போது தரும் விளக்கம் இன்னும் சிந்திக்கத்தக்கது. தனக்கு உண்மை முன்பே தெரியும் என்றும், அவள் சொல்லை மட்டும் கொண்டு ஏற்றிருந்தால் உலகம் ஐயுற்றிருக்கும் என்றும் அவன் அமைச்சர்களிடம் கூறுகிறான். ஆக, அவளுக்கு இடம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் அறியாமை அன்று, அச்சம். நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம்.

கலப்புப் பிறப்புள்ள பிள்ளைகளையும், தத்தெடுத்த பிள்ளைகளையும், வேறு மொழியிலிருந்து வந்த மருமகளையும் பல குடும்பங்கள் தயக்கத்தோடு நடத்துவதன் காரணமும் பெரும்பாலும் இதுவே. வெறுப்பு இருக்காது. உள்ளூரப் பாசம்கூட இருக்கும். ஆனால் உறவினர் கூடிய இடத்தில் தயக்கமின்றி, இவள் எங்கள் பெண் என்று சொல்ல நா எழாது. அந்த ஒரு நொடித் தயக்கத்தைப் பிள்ளை கவனித்துவிடுகிறது. உண்மை தெரிந்தும் அதைச் சொல்ல அசரீரிக்காகக் காத்திருப்பது அறமாகாது. நான்கு பேருக்கு முன் சொல்லத் துணியாத பாசம், பிள்ளைக்குப் பாதி பாசமாகவே போய்ச் சேருகிறது.

காட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவன்

சாந்தோக்கிய உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில் இன்னோர் இளம் உள்ளம் இதே கேள்வியைச் சந்திக்கிறது. கல்வி கற்க விரும்பிய சத்தியகாமன் தாய் ஜபாலையிடம் தன் கோத்திரத்தைக் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிசெய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், கோத்திரம் தனக்குத் தெரியாது என்றும் தாய் உள்ளபடி உரைக்கிறாள். ஜபாலையின் மகன் சத்தியகாமன் என்றே சொல்லிக்கொள்ளுமாறு கூறுகிறாள். அவன் ஹாரித்ருமத கௌதமரிடம் சென்று ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே சொல்கிறான். சத்தியத்திலிருந்து விலகாத அந்தத் தன்மையையே தகுதியாகக் கொண்டு ஆசிரியர் அவனை ஏற்கிறார்.

ஏற்ற பின் அவர் செய்தது என்ன? மெலிந்த 400 பசுக்களை ஒப்படைத்துக் காட்டுக்கு அனுப்புகிறார். அவை 1,000 ஆகும்வரை திரும்புவதில்லை என்று சத்தியகாமன் உறுதி பூணுகிறான். ஆண்டுகள் கழிகின்றன. பசுக்கள் பெருகியபோது, ஒரு காளையும் நெருப்பும் அன்னமும் நீர்ப்பறவையும் பிரம்மத்தின் ஒவ்வொரு பாதத்தை அவனுக்கு உபதேசிக்கின்றன. திரும்பி வந்தவனின் முகத்தில் பிரம்மத்தை அறிந்தவனின் ஒளியைக் கண்ட ஆசிரியர் எஞ்சியதைத் தாமே நிறைவு செய்கிறார்.

சகுந்தலையின் காட்டில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கிறது. முதலில் மறைக்கப்படாத உண்மை. அடுத்துப் பிற உயிர்களைப் பேணும் பொறுப்பு. அதன் பிறகே ஞானம். தான் யார் என்ற கேள்வியோடு வந்த இளைஞனுக்கு ஆசிரியர் உடனே தத்துவம் போதிக்கவில்லை. அவனை நம்பி ஒரு பெரும் பொறுப்பைத் தந்தார். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, ஒப்புதலின் மிக உயர்ந்த வடிவம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொடுக்கப்பட்ட இடத்தின் விலை

இதற்கு எதிர்முனையில் நிற்பவன் கர்ணன். அவனும் இரு உலகங்களின் மகன்; தந்தை சூரியன், தாய் குந்தி. அவனையும் ஆற்றில் விட்டார்கள். அதிரதனும் ராதையும் குறைவற்ற அன்போடு வளர்த்தார்கள். ஆனால் பிறப்பின் உண்மை அவனிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. அரங்கேற்றக் களத்தில் கிருபர் அவனது குலத்தைக் கேட்டபோது அவன் முகம் கவிழ்ந்தது. அந்தக் கணத்தில் துரியோதனன் அங்க நாட்டை அளித்து அரசனாக்கினான்.

இடத்துக்காக ஏங்கிய இளைஞனுக்கு இடம் கிடைத்தது. ஆனால் கொடுத்தவனுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்த நன்றிக்கடன் கர்ணனைக் கடைசிவரை அதர்மத்தின் பக்கம் கட்டிவைத்தது. உத்தியோக பர்வத்தில் கண்ணன் உண்மையை வெளிப்படுத்தும்போது, ராதையின் தாய்மையை எந்த அரசுக்காகவும் கைவிட முடியாது என்று அவன் கூறுவது உயர்ந்த பண்பு. எனினும் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இளம் வயதில் உரிய இடம் கிடைக்காதவர்கள், முதலில் கைநீட்டி அழைப்பவரைப் பற்றிக்கொள்கிறார்கள். அழைப்பது நல்லோராகவும் இருக்கலாம். தம் நலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் கூட்டமாகவும் இருக்கலாம். இல்லமும் பள்ளியும் ஊரும் தரத் தவறிய இடத்தைத் தீய சேர்க்கை மிக எளிதாகத் தந்துவிடுகிறது. பின்னர் அதற்குரிய விலையையும் வசூலிக்கிறது.

பாதியைத் துறக்க வேண்டுமா?

இன்றைய இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் ஆங்கிலக் கற்பனைக் கதைகளிலும் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. மாயவனங்களில் வாழும் எல்ஃப் என்ற அமர இனத்துக்கும் மனிதருக்கும் பிறந்தவர்கள் அக்கதைகளில் வருகிறார்கள். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் படைத்த உலகில், அவ்வாறு கலந்த மரபில் வந்த எல்ராண்ட், எல்ராஸ் என்னும் இரட்டைச் சகோதரர்களுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நிலை ஏற்படுகிறது. எல்ராண்ட் அமர வாழ்வை ஏற்கிறான். எல்ராஸ் மரணமுள்ள மனித வாழ்வை ஏற்று அரசனாகிறான். 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலில் எல்ராண்டின் மகள் ஆர்வெனும் அன்பின் பொருட்டு மனித வாழ்வைத் தேர்ந்தெடுக்கிறாள். தேர்வுக்குப் பின் பிரிவும் துயரமும் தொடர்கின்றன.

ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தே ஆகவேண்டும் என்ற இந்தப் பார்வையில் ஆழ்ந்த உண்மை உண்டு. எந்த மனிதரும் எல்லா வாழ்க்கைகளையும் வாழ்ந்துவிட முடியாது. ஆயினும் சகுந்தலையின் கதை மற்றொரு வழியைக் காட்டுகிறது. அவள் தாயின் உலகத்தையும் துறக்கவில்லை. தந்தையின் உலகத்தையும் துறக்கவில்லை. காட்டைத் தன் இல்லமாகக் கொண்டாள். பின்னர் நகரத்துக்கும் உரியவளானாள். எந்தப் பாதி தன்னுடையது என்று தேர்வதற்குப் பதிலாக, இரண்டு பாதிகளும் நிற்பதற்கான அடித்தளத்தைக் கண்டாள்.

அந்த அடித்தளத்தைத்தான் வேதாந்தம் சுட்டிக்காட்டுகிறது. குலம், மொழி, ஊர், உருவம் ஆகிய எல்லாமே ஆன்மாவின்மேல் வந்து படிந்த உபாதிகள். அவற்றுள் சில ஒருவருக்கு ஒரே நிறமாகவும் சில இருவேறு நிறமாகவும் அமைகின்றன. அணிபவருக்கு அதனால் உயர்வும் இல்லை; தாழ்வும் இல்லை. உடல் இரு மரபுகளிலிருந்து வரலாம். உள்ளே உறையும் சாட்சிக்குப் பாதி என்பது கிடையாது. சகுந்தலை அவையில் அழைத்தது அந்தச் சாட்சியைத்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. பதின்ம வயதுப் பிள்ளை கண்ணீரோடு வந்து நிற்கும்போது, நீ உடலன்று, ஆன்மா என்று சொல்லி அனுப்பிவிடுவது ஆறுதலாகாது. தைத்திரீய உபநிடதமும் அன்னத்தில் தொடங்கிப் பிராணன், மனம், அறிவு எனப் படிப்படியாகத்தான் ஆனந்தத்துக்கு அழைத்துச் செல்கிறது. அன்னமும் அன்பும் முதலில், தத்துவம் பிறகு. கண்வர் செய்ததும் அதுவே.

இல்லங்களில் செய்யக்கூடியவை

வேலையின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் சென்று வாழும் குடும்பங்கள் இன்று மிகப் பல. தந்தையின் மொழி ஒன்று, தாயின் மொழி வேறொன்று, பள்ளியின் மொழி மற்றொன்று என்று வளரும் பிள்ளைகள் தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் தெருவுக்குத் தெரு உண்டு. விடுமுறையில் தாத்தா வீட்டுக்கு வரும்போது அவர்கள் வடக்கத்தியர். பள்ளிக்குத் திரும்பினால் தெற்கத்தியர். தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் உள்ளத்தில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பெண்குழந்தையையும் தத்தெடுக்க வழிசெய்தது; தத்தெடுத்த நாளிலிருந்து அப்பிள்ளை அக்குடும்பத்தின் பிள்ளையே என்றும் வகுத்தது. சட்டம் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிடும். மனத்தில் எழுத வேண்டியது குடும்பத்தின் வேலை.

அதற்குச் சகுந்தலையின் காடு மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, பிள்ளையின் பிறப்பைப் பற்றிய உண்மையை வயதுக்கேற்ற சொற்களில், அன்பு குறையாத குரலில், பிறர் சொல்லித் தெரியும் முன்பே சொல்லிவிடுவது. அதில் வரும் இருவழி உறவுகளைப் பற்றியும் இழிவாகப் பேசாதிருப்பது. தாயின் ஊரைப் பழித்தால் பிள்ளையின் பாதியைப் பழித்ததாகிறது.

இரண்டாவது, பேணுவதற்கு ஏதேனும் ஒன்றைப் பிள்ளையிடம் ஒப்படைப்பது. அது ஒரு செடியாக இருக்கலாம். வீட்டிலுள்ள முதியவரின் மருந்து வேளையாக இருக்கலாம். அண்டை வீட்டுச் சிறுவனின் பாடமாக இருக்கலாம். தன்னால் ஓர் உயிர் தழைக்கிறது என்று உணரும் பிள்ளைக்கு, தான் வேண்டாதவள் என்ற எண்ணம் நிலைப்பதில்லை.

மூன்றாவது, சத்தியத்தில் நிற்பதைப் பழக்குவது. இதைச் சொல்லிப் பழக்க முடியாது. நின்று காட்டித்தான் பழக்க முடியும். உறவினர் முன்னிலையில் பெற்றோர் தயங்காமல் சொல்லும் ஒரு சொல், நூறு அறிவுரைகளுக்குச் சமம்.

யாருடைய மகள் நீ என்ற கேள்வி உலகத்திலிருந்து மறையப்போவதில்லை. அது கேட்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். உண்மையோடும் அன்போடும் வளர்க்கப்பட்ட பிள்ளை தலை குனியாமல் அதற்கு விடை சொல்லும். பெற்றவர்களின் பெயரைச் சொல்லும். வளர்த்தவர்களின் பெயரைச் சொல்லும். இரண்டையும் கேட்டுச் சிரிப்பவர் முன்னால் சினமின்றித் திரும்பி நடக்கவும் அதற்குத் தெரியும். அத்தகைய பிள்ளைக்கு வழியில் நழுவிய மோதிரம் ஓர் இழப்பே ஆகாது. தான் நிற்கும் நிலத்தை அது எந்த மோதிரத்திலும் அடமானம் வைத்திருக்காது.